தந்தையார் காட்டிய சாய்வுக் கம்பம்

சென்ற ஐப்பசித் திங்களில் ஒரு நாள் மாலை அலுவலகம் விட்டு வீடு சேர்ந்தபோது, என் அக்காள் மகள் எங்கள் அடுக்களை வாயிலில் முழங்காலில் முகம் புதைத்து உட்கார்ந்திருந்தாள். இடைப்பருவத் தேர்வில் கணக்குப் பாடத்தில் 80-க்கு 11. பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு; மார்ச்சு மாதம் அரசுத் தேர்வு. மற்றப் பாடங்களில் ஒருவாறு தேறியிருந்தாள்.

அவள் தந்தையார், அதாவது என் அத்தான், கட்டட மேஸ்திரி. இரண்டாண்டுகட்கு முன் குடும்பத்தோடு பெங்களூர் வந்து, எங்கள் வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளில் குடியிருக்கிறார். பெண் பத்தாம் வகுப்பு வரை ஊரில் தமிழில் படித்தவள். இங்கே வகுப்பில் ஆங்கிலம். வெளியே வந்தால் கன்னடம். நம் இதழைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த இடர் புதிதன்று. அத்தான் கோபக்காரர் அல்லர். வரவு செலவு அறிந்தவர். அன்றிரவு என்னைத் தனியே அழைத்து, "மாப்பிள்ளை, தேறாது என்று தெரிந்த பிறகு சம்பளம் கட்டுவானேன்? தெருக்கோடியில் இருக்கும் தையல் ஆலையில் ஆள் எடுக்கிறார்கள். தை பிறந்ததும் சேர்த்துவிடலாம் என்றிருக்கிறேன்" என்றார்.

அவருக்கு நான் என்ன மறுமொழி சொல்வது? நானே பத்தாம் வகுப்போடு நின்றவன். என் தந்தையார் ஜோலார்ப்பேட்டைப் பக்கம் இரயில் பாதையில் கீமேன் வேலை பார்த்தவர். பணியிலிருக்கும்போதே அவர் காலமானதால், எனக்கு வயது வந்ததும் இரயில்வேயில் ஒரு கடைநிலை வேலை கொடுத்தார்கள். பின்னர்த் துறைத் தேர்வெழுதி எழுத்தரானேன். கூட்டல், கழித்தல், வட்டிக்கணக்கு வரை எனக்கு அச்சமில்லை. அதற்கு மேல் ஒன்றும் அறியேன்.

மறுநாள் அவளை அழைத்து, "எந்தப் பகுதி புரியவில்லை, அம்மா?" என்று கேட்டேன்.

"டெரிவேட்டிவ், மாமா. அதைப் போடத் தெரிகிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு இந்த இடத்தில் ஏறுகிறது, இந்த இடத்தில் இறங்குகிறது, இங்கே உச்சம் என்று எழுதச் சொல்கிறார்கள். எது ஏறுகிறது என்றே எனக்குத் தெரியவில்லை."

எது ஏறுகிறது! அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது.

கீமேன் என்பவர் தோளில் சுத்தியலும் திருகுசாவியும் சுமந்து, தமக்குரிய பாதை முழுவதையும் நாள்தோறும் நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் பிடிப்புகள் தளர்ந்துள்ளனவா என்று பார்ப்பவர். விடுமுறை நாட்களில் சிறுவனாகிய நானும் பாதையோரமாக அவர் பின்னே நடப்பேன். பாதையருகில் ஆங்காங்கே ஒரு குட்டைக் கம்பம் நிற்கும். அதற்கு இரு புறமும் இரண்டு கைகள். ஒரு கை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், மற்றது கீழ்நோக்கியோ மட்டமாகவோ இருக்கும். கையின்மேல் ஓர் எண். "அது என்னப்பா?" என்று கேட்டேன். "பாதை இங்கிருந்து எப்படிப் போகிறது என்று டிரைவருக்குச் சொல்வது. கை மேலே போனால் ஏற்றம், கீழே போனால் இறக்கம். 100 என்று போட்டிருந்தால், நூறு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏறும்" என்றார். எண் பெரிதானால் ஏற்றமும் பெரிதென்று நான் நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, "400 என்றால் நானூறு மீட்டர் ஓடித்தான் ஒரு மீட்டர் ஏறும், அது லேசான ஏற்றம்" என்றார். கையெழுத்துப் போடுவதற்கு மட்டுமே எழுதக் கற்றவர் அவர்.

இந்தச் சாய்வுக் கம்பங்களை, பாதையின் சாய்வு எங்கெங்கு மாறுகிறதோ அங்கங்கே நடவேண்டும் என்பது இரயில்வே விதி. என் மருமகளின் பாடம் முழுவதும் இந்த விதிக்குள் அடங்கியிருப்பதாக எனக்கு அன்று தோன்றியது. தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தார் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்புக் கணிதநூலின் தமிழ்ப் பதிப்பை ஊரிலிருந்து வரவழைத்தேன். அதில் ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் தமிழ் இருந்தது. சார்பு, வகைக்கெழு, பெருமம், சிறுமம். இரவு உணவுக்குப் பின் இருவரும் அமர்ந்து படிக்கத் தொடங்கினோம்.

முதலில் சார்பு. ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர் வரை 145 கிலோமீட்டர் அளவு. பாதையில் எந்த இடத்தைச் சொன்னாலும் அந்த இடத்துக்கு, கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று ஓர் உயரம் உண்டு. நம் நாட்டு நிலையங்களின் மஞ்சள் பெயர்ப்பலகைகளில் அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். தொலைவைக் கொடுத்தால் உயரம் கிடைக்கிறது. உயரம் தொலைவைச் சார்ந்தது. இதுவே சார்பு.

அடுத்தது வகைக்கெழு. ஜோலார்ப்பேட்டையின் உயரம் ஏறத்தாழ 400 மீட்டர், பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர். 1864-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதை இடையில் ஐந்நூறு மீட்டர் ஏறுகிறது. வகுத்துப் பார்த்தால் சராசரி 290-க்கு 1. "இந்தச் சராசரியை டிரைவரிடம் சொன்னால் அவருக்குப் பயன்படுமா?" என்று கேட்டேன். "படாது, மாமா. நடுவில் செங்குத்தான இடமும் இருக்கும், இறக்கமும் இருக்குமே" என்றாள். ஆகவே பத்து கிலோமீட்டருக்குச் சராசரி பார்க்கவேண்டும். அதுவும் போதாது, ஒரு கிலோமீட்டருக்கு. பிறகு நூறு மீட்டருக்கு. பிறகு ஒரு மீட்டருக்கு. இவ்வாறு தொலைவைக் குறுக்கிக்கொண்டே போகும்போது, சாய்வு எந்த எண்ணை நெருங்கி நெருங்கிச் செல்கிறதோ அந்த எண்ணே அந்த இடத்தின் வகைக்கெழு. அவள் அந்த வாய்பாடுகளை எல்லாம் முன்பே மனப்பாடம் செய்திருந்தாள். அவை எதைக் கூறுகின்றன என்பதை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அல்லது சொன்ன ஆங்கிலம் அவள் காதில் ஏறவில்லை.

இவ்வளவும் தெரிந்தபின் மற்றது எளிது. வகைக்கெழு கூட்டல் குறியோடு வந்தால் கை மேலே, கழித்தல் குறியோடு வந்தால் கை கீழே, பூச்சியமானால் மட்டம். ஒரு கணக்கை எடுத்துக்கொண்டோம். எக்ஸ் கனம், அதிலிருந்து ஆறு எக்ஸ் வர்க்கத்தைக் கழித்து, ஒன்பது எக்ஸைக் கூட்டவேண்டும். அதன் வகைக்கெழு 1-இலும் 3-இலும் பூச்சியமாகிறது. 1-க்கு முன் ஏற்றம். 1-க்கும் 3-க்கும் இடையில் இறக்கம். 3-க்குப் பின் மறுபடி ஏற்றம். ஆகவே 1-இல் ஒரு முகடு, உயரம் 4. 3-இல் ஒரு பள்ளம், உயரம் 0. அவள் கணக்கேட்டில் ஒரு கோடு கிழித்து, 1-இலும் 3-இலும் ஒவ்வொரு சாய்வுக் கம்பம் வரைந்து கைகளையும் போட்டாள். உடனே ஒன்று கேட்டாள்: "5-இல் உயரம் 20 வருகிறதே, மாமா. பிறகு 4 எப்படிப் பெருமம் ஆகும்?" சுற்றுவட்டாரத்தில் அதுவே உயரம் என்பதால் அதற்கு இடஞ்சார்ந்த பெருமம் என்று பெயராம். நாமும் நம் தெருவில் பெரிய மனிதரை அப்படித்தானே கருதுகிறோம்!

இங்கே நான் ஒரு பிழை செய்தேன். புதிதாகக் கற்றவனுக்கு வரும் செருக்கினால், "சாய்வு பூச்சியமானால் அது முகடாக இருக்கவேண்டும், இல்லையேல் பள்ளமாக இருக்கவேண்டும், வேறு வழியில்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவளும் நம்பி, கல்லூரியில் ஒரு கணக்குக்கு அப்படியே எழுதி, குறுக்குக் கோடு வாங்கி வந்தாள். அந்தக் கணக்கு வெறும் எக்ஸ் கனம். அதன் வகைக்கெழு மூன்று எக்ஸ் வர்க்கம், 0-இல் பூச்சியமாகிறது. ஆனால் அங்கே முகடும் இல்லை, பள்ளமும் இல்லை. அவள் என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன். அத்தானின் காதில் இது விழுந்தால், "பத்தாவது படித்தவன் பாடம் சொல்லிக்கொடுத்த இலட்சணம்" என்று நினைப்பாரே என்ற கவலை வேறு.

மறுநாள் காலை ஒரு பெட்டிக் கணக்கைச் சரிபார்ப்பதற்காக யார்டுக்குச் சென்றேன். எஞ்சினிலிருந்து கழற்றிவிட்ட சரக்குப் பெட்டிகள் வரிசையாக அசையாமல் நின்றன. அவை ஏன் உருண்டு ஓடவில்லை? நிலையத்துக்குள் பாதை மட்டமாக இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. 400-க்கு 1 என்பதைவிடச் செங்குத்தாக இருத்தல் ஆகாது. 1200-க்கு 1 என்ற அளவே விரும்பத்தக்கது. ஜோலார்ப்பேட்டையிலிருந்து மேலேறி வரும் வண்டி வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்திலும் ஏறக்குறைய மட்டமான தரையில்தான் நிற்கிறது. நின்றுவிட்டு மறுபடியும் ஏறுகிறது! முன்னும் ஏற்றம், பின்னும் ஏற்றம், நடுவில் மட்டம். எக்ஸ் கனம் செய்வதும் இதுவே. 0 என்பது அதன் ஏற்றப் பாதையில் ஒரு நிலையம், அது முகடன்று.

மாலையில் இதைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது. "அப்படியானால் பூச்சியத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், மாமா. அதற்கு முன் கை எப்படி, பின் கை எப்படி என்று பார்த்தால்தான் மீதி தெரியும்" என்றாள். தன் ஏட்டிலும் தமிழில் அப்படியே எழுதிக்கொண்டாள். பிறகு அவளே இன்னொன்றையும் கண்டாள். ஓட்டு வீட்டுக் கூரையின் முகட்டில் சாய்வு என்ன? இந்தப் பக்கம் ஏற்றம், அந்தப் பக்கம் இறக்கம், நடுவில் மட்டமே இல்லை. அங்கே வகைக்கெழுவே கிடையாதாம். ஆனாலும் அது முகடுதான். இரயில் பாதையில் அப்படி ஒரு கூர்மையை விடமாட்டார்கள். பெரிய ஏற்றமும் இறக்கமும் சந்திக்கும் இடத்தை வளைவாக்கி மழுக்கிவிடுவார்கள். இல்லையெனில் பெட்டிகளை இணைக்கும் கொக்கிகள் அந்த இழுப்பைத் தாங்குவது கடினம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறன்று என் மனைவியும் இந்தப் படிப்பில் சேர்ந்தாள். பாடத்தில் ஒரு பெட்டிக் கணக்கு. சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் சிறு சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்துப் பெட்டி செய்தால், மிகுதியாகக் கொள்ள எவ்வளவு வெட்டவேண்டும்? பழைய நாட்காட்டி அட்டைகளில் 30 சென்டிமீட்டர் சதுரமாக மூன்று எடுத்து, ஒன்றில் 4 சென்டிமீட்டரும், ஒன்றில் 5-ம், ஒன்றில் 6-ம் வெட்டிப் பசைத்தாள் ஒட்டினோம். என் மனைவி, "குறைவாக வெட்டினால் அட்டை வீணாகாது, அதனால் 4 வெட்டியதுதான் மிகுதியாகக் கொள்ளும்" என்றாள். நான் 6 என்றேன், ஆழமான பெட்டியல்லவா? மருமகள் ஒன்றும் சொல்லாமல் கணக்குப் போட்டாள். வகைக்கெழு 5-இலும் 15-இலும் பூச்சியம். 15 வெட்டினால் அட்டையே மிஞ்சாது. 5-க்கு முன் ஏற்றம், பின் இறக்கம். 4 வெட்டினால் 1936 கன சென்டிமீட்டர். 6 வெட்டினால் 1944. 5 வெட்டினால் 2000, அதாவது சரியாக இரண்டு லிட்டர். பொட்டுக்கடலையை லிட்டர்ப் படியால் அளந்து கொட்டினோம். நடுப்பெட்டியில் இரண்டு படி தலைதட்டிப் பிடித்தது; மற்ற இரண்டிலும் ஒரு கைப்பிடி வெளியே நின்றது. என் மனைவி அந்தப் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

உச்சத்தையும் பள்ளத்தையும் தேடுவது இக்கணக்கின் பிறப்போடு ஒட்டியது. ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1684-இல் வெளியிட்ட முதற் கட்டுரையின் தலைப்பே பெருமம் சிறுமங்களைக் காணும் புதிய முறை என்று தொடங்குகிறது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகட்கு முன், 1150-இல் 'சித்தாந்த சிரோமணி' இயற்றிய இரண்டாம் பாஸ்கரர், கோளின் ஒரு கணத்து வேகத்தைக் கணித்ததோடு, உச்சத்தில் மாறுபாடு இல்லாமற் போவதையும் கண்டிருந்தார் என்று கணித வரலாறு எழுதுவோர் கூறுவர். இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மருமகளுக்கு அவ்வளவாக இல்லை. தேர்வில் அது வராதாம்.

அத்தான் இத்தனை நாளும் வேலை முடிந்து வந்து, திண்ணையில் பீடி புகைத்தபடி நாங்கள் பேசுவதைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்தார். ஒரு நாள் உள்ளே வந்து கணக்கேட்டை வாங்கிப் பார்த்தார். கோட்டின்மேல் ஏறியும் இறங்கியும் நின்ற சிறு கைகளைக் காட்டி, "இது என்ன?" என்றார். பெண் விளக்கினாள். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது வாட்டந்தானே?" என்றார்.

மொட்டைமாடித் தளம் போடும்போது மழைநீர் தேங்காமல் குழாய்வாய்க்குப் போகும்படி தளத்தைச் சிறிது சாய்ப்பார்கள். அதற்கு மேஸ்திரிகள் வழங்கும் சொல் வாட்டம். இரண்டு பக்கமும் குழாய் வைத்த மாடியில் நடுவில் ஒரு மேடு வரும். அந்த மேட்டில் இரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கும். ஒரு சாண் இப்படி நகர்த்தினால் குமிழி ஒரு பக்கம் ஓடும், அப்படி நகர்த்தினால் மறுபக்கம் ஓடும். "குமிழி நடுவில் நிற்கிறதே என்று அதை மேடு என்று நம்பக் கூடாது. தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் நடுவில்தான் நிற்கும். இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்கவேண்டும்" என்றார் அத்தான். நான் ஓர் இரவு உறங்காமல் கிடந்து கண்டதை அவர் நின்ற நிலையில் சொல்லிவிட்டார்.

அப்போது நான் அவரிடம் நம் பெங்களூரைப் பற்றிச் சொன்னேன். இந்நகரமும் ஒரு பெரிய மொட்டைமாடியே. வடக்கிலிருந்து தெற்காக நகரின் நடுவே ஒரு முகடு ஓடுகிறது. அதன்மேல் தொட்டபெட்டஹள்ளி 962 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முகட்டின் மேற்கே பசவனகுடிப் பக்கம் பெய்யும் மழை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேரும். கிழக்கே அல்சூர் ஏரியில் விழுந்தால், பெல்லந்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் கடந்து கடலூரருகே கடலில் சேரும். இரண்டுமே நம் ஊர்ப் பக்கந்தான் போகின்றன. எந்தத் துளி எப்பக்கம் போவது என்பதை முடிவுசெய்வது அந்த முகட்டின் இருபுறத்துச் சாய்வு. அத்தான் இதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, "பாழாய்ப்போன சாக்கடையும் அப்படித்தான் போகிறது" என்றார். அது உண்மையே, அந்த இரண்டு நீரோட்டங்களையும் இந்நகரத்தார் இன்று அந்த நிலையில்தான் வைத்திருக்கிறோம்.

தையல் ஆலையைப் பற்றிப் பிறகு பேச்சு எழவில்லை. தை பிறந்தது. முன்னோடித் தேர்வில் அவள் 80-க்கு 46 வாங்கினாள். அத்தான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சிமெண்டுத் தூசி படிந்த பையிலிருந்து கோடு போட்ட பெரிய கணக்கேடு இரண்டை எடுத்து அவள் பலகையருகில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மாசியில் என் தந்தையாரின் நினைவுநாளுக்காக எல்லோரும் ஜோலார்ப்பேட்டைக்குப் பயணிகள் வண்டியில் சென்றோம். தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தமையால் அவளை விட்டுச்செல்லலாம் என்று அக்காள் சொன்னாள், அவள் கேட்கவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு சாய்வுக் கம்பத்துக்கும் கூட்டல், கழித்தல், பூச்சியம் என்று புது ஏட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். வண்டி வேகமாகப் போன இடங்களில் சில தவறிப்போயின. பங்காருப்பேட்டை தாண்டியதும் நான் உறங்கிவிட்டேன். திரும்பி வருகையிலும் மறுபக்கச் சன்னலைப் பிடித்து அவ்வாறே குறித்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு பக்கங்களையும் அருகருகே விரித்து, "பாருங்கள், மாமா. போகும்போது கழித்தல் போட்ட இடமெல்லாம் வரும்போது கூட்டல். ஆனால் போகும்போது முகடாக இருந்தது வரும்போதும் முகடுதான்" என்றாள்.

அத்தான் எட்டிப் பார்த்து, நடுவே விட்டுப்போன கட்டங்களைக் காட்டி, "இவை ஏன் காலி?" என்று கேட்டார்.